மக்டலின் ஸ்ரியறிங்கை நேராக்கிய கதை

சிறிலுடைய மொறிஸ் மைனரில் முதல்தரம் ஏறுகிற எவரும் உப்புவெளிச் சந்தி தாண்டுவதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்.

"என்ன சிறில், கார் நேராப் போகுது, ஸ்ரியறிங் ஏன் கோணிக்கொண்டு நிக்குது?"

"கார் நேராப் போகுதெல்லோ? பிறகென்ன கதை? ரோட்டைப் பாருங்கோவன், ஸ்ரியறிங்கை ஏன் பாக்கிறியள்?"

இதுதான் சிறிலின் மாறாத விடை. உண்மைக் காரணம் ஓர் எருமை. மாரி காலத்து மாலையொன்றில் நிலாவெளி வளைவில் நடுரோட்டில் படுத்திருந்த எருமைக்கு வழிவிடப் போய், மதகுக் கல்லில் இடப்பக்க முன்சக்கரச் சில்லைக் கொண்டுபோய் அடித்தான். எருமை எழும்பவுமில்லை. காரின் மட்கார்ட் நசுங்கியது. அதை வீட்டிலேயே தட்டி நிமிர்த்திக் கறுப்புப் பெயின்ற் பூசிவிட்டான். ஆனால் அன்றிலிருந்து கார் நேராக ஓடவேண்டுமென்றால் ஸ்ரியறிங்கை இடப்பக்கம் சரித்துப் பிடிக்கவேண்டும். ஒருபக்கக் கம்பி தாழ்ந்தும் மறுபக்கக் கம்பி உயர்ந்தும் நிற்கும். சிறில் இதற்கெல்லாம் அசைகிற ஆளா? நல்ல மனுஷன், வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய வேலை தெரியும். ஆனால் இன்றைக்குச் செய்யக்கூடிய வேலையை இன்றைக்கே செய்வது அவனுடைய பரம்பரையிலேயே கிடையாது.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆவணி விடுமுறை தொடங்கிய கையோடு, அந்த நல்ல மனுஷன் யாரோ ஒருவருடைய மீன்பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப்போய், இறங்குதுறைப் படியின் பாசியில் சறுக்கி இடது காலை முறித்துக்கொண்டான். பாதத்திலிருந்து தொடைவரை பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள். கார் பூவரச மரத்தின் கீழே நின்றது. கச்சான் காற்று அதன்மேல் மணலை அள்ளி அள்ளிக் கொட்டியது.

குடும்பத்துக்குச் சோறு போட்டது குச்சவெளி ஓட்டம். உப்புவெளியிலிருந்து ரீச்சர்மாரைக் காலையில் குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னேரம் திருப்பிக் கூட்டிவரும் வேலை. அவர்களுக்குத் தலைவி மரியம்மா ரீச்சர் ஒரு பெட்டி பிஸ்கற்றோடு காலைப் பார்க்க வந்தா. கால் நலத்தை விசாரித்து முடித்ததும் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னா:

"சிறில், பள்ளிக்கூடம் தொடங்கும்மட்டும் பாப்பம். அதுக்குள்ளை கார் ஓடாட்டில் இராசதுரையின்ரை ஓஸ்ரின் காரைத்தான் பிடிக்கவேண்டி வரும். குறை நினைக்காதையுங்கோ."

"ஆளை வைச்சு ஓட்டலாம் ரீச்சர். ஆனால் பிறத்தியான் கையிலை என்ரை காரைக் குடுக்க மனம் வருகுதில்லை."

குசினி வாசலில் பிளேன்ரீயோடு நின்ற மக்டலின் அதைக் கேட்டாள். சிறிலின் மனைவி. கரைவலைக்காரரின் மகள். வலை பொத்திப் பொத்தி விரல் காய்த்தவள். வாயும் கொஞ்சம் காய்த்ததுதான்.

"நான் பிறத்தியாளோ?" என்றாள்.

"எதுக்கு?"

"கார் ஓட்டுறதுக்கு."

சிறில் சிரித்தான். மரியம்மா ரீச்சரும் சிரிக்கத் தொடங்கி, மக்டலினுடைய முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினா.

அடுத்த நாளே படிப்புத் தொடங்கிவிட்டது. மடுத் திருநாளில் வாங்கிச் சுவாமியாரிடம் மந்திரித்துக்கொண்டு வந்த மாதா படம் ஒன்று அவளிடம் இருந்தது. உள்ளங்கை அகலப் படம். கோதுமை மாவில் பசை காய்ச்சி, ஸ்ரியறிங்கின் நடுவட்டத்தில், கார் நேராக நிற்கும்போது மாதாவும் நேராக நிற்கும்படி பார்த்துப் பார்த்து ஒட்டினாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். சிறிலின் பிளாஸ்ரர் கால் முன்சீற்றில் மடங்காது. அவன் பின்சீற்றில் குறுக்கே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஊன்றுகோலால் அவளுடைய தோளில் தட்டித் தட்டிப் படிப்பித்தான். இடப்பக்கம் என்றால் இடது தோளில் ஒரு தட்டு. பிரேக் என்றால் நடுமுதுகில்.

"ஊண்டுகோலை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. நான் என்ன மாடே?"

"மாடெண்டால் இதுக்குள்ளை பழகியிருக்கும்."

ஆனால் அவள் பழகினாள். அலஸ்தோட்டத்து வெளியில் வட்டமடித்தாள், ஒழுங்கைகளில் பின்னுக்கு எடுத்தாள், கடைசியில் கடற்கரை ரோட்டில் ஓட்டினாள். ஒருபக்கம் பனை, மறுபக்கம் கடல், காற்று சட்டைக்குள் புகுந்து பொங்க, கார் அவளுடைய கைக்குள் அடங்கி ஓடியது. ஓட்டத்தைக் காப்பாற்றவென்று தொடங்கியவளுக்கு, ஓட்டுவதே பிடித்துப்போய்விட்டது. வெறும் பிடிப்பல்ல. சோறு வடிக்கும்போதும் வலது கால் தானாக அக்சிலேற்றரை மிதித்தது. லைசென்ஸ் கிடைக்கவேண்டும் என்று அவள் மாதாவிடம் மன்றாடியபோது, ரீச்சர்மாருக்காக என்று சொன்னது பாதிப் பொய். அவளுக்காகவேதான் மன்றாடினாள்.

முதல் சோதனைக்குப் போனபோது அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் வாடகைக் கார்க்காரர் எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். சோதிக்க வந்த அதிகாரி யாழ்ப்பாணப் பக்கத்து மனுஷன். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, சிரிக்காத முகம். கார்க் கதவைத் திறந்து குனிந்தார். அவளை நாலடி முன்னுக்கு எடுக்கச் சொல்லிக் கூடவே நடந்தார். ஸ்ரியறிங்கைப் பார்த்தார். நிமிர்ந்துவிட்டார்.

"இந்தக் காரிலை நான் ஏறமாட்டன்."

"ஏன் ஐயா?"

"நேராப் போகேக்கை ஸ்ரியறிங் கோணி நிக்குது. கீழை என்ன உடைஞ்சு கிடக்குதோ ஆர் கண்டது? நேராக்கிக்கொண்டு வியாழக்கிழமை வாரும். அதுக்குப் பிறகு நான் இனி இரண்டு மாதத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டன்."

"ஐயா, ஸ்ரியறிங் கோணலெண்டாலும் நான் நேரா ஓட்டுவன்."

"நீர் ஓட்டுவீர் அம்மா. கார் ஓடவேணுமே."

திரும்பி வந்தபோது இராசதுரை தன்னுடைய ஓஸ்ரினில் சாய்ந்துகொண்டு, ஊருக்கே கேட்கச் சொன்னான்: "ஆடத் தெரியாதவள் கூடம் கோணலெண்டாளாம்!" எல்லோரும் சிரித்தார்கள். மக்டலினுக்குக் காது சுட்டது. இரண்டு மாதம் என்றால் ரீச்சர்மார் போய்விடுவார்கள். லைசென்ஸும் போய்விடும். பிறகு சிறிலுக்குக் கால் சுகமாகிவிடும், அதோடு அவளைக் காருக்குள் ஏறி ஓட்டச் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்காது. இதை நினைத்தபோதுதான் உண்மையாகவே அழுகை வந்தது.

கராஜ்காரன் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போயிருந்தான். வேலையை வீட்டிலேதான் செய்யவேண்டும்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் பூவரச மரத்தின் கீழே கடை விரித்தார்கள். சிறில் கதிரையில் உட்கார்ந்து, பிளாஸ்ரர் காலை மீன்பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான். மக்டலின் அவனுடைய பழைய சாரத்தையும் சட்டையையும் போட்டுக்கொண்டு, ஓலைப்பாயை இழுத்துக் காருக்குக் கீழே விரித்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த ஸ்ரியறிங்கைக் கழட்டி நேராப் பூட்டினால் என்ன? ஒரு நட்தானே?"

"அது ஏமாத்து வேலை. மேலை நேராத் தெரியும், கீழை கோணல் அப்பிடியே கிடக்கும். பிறகு ஒருபக்கம் கூட வளையும், மற்றப்பக்கம் வளையாது. சில்லிலை போய்ப் பூட்டுற தடி இரண்டு பக்கமும் கிடக்கு. ஒருபக்கத் தடியை எவ்வளவு நீட்டுறியோ, மற்றப்பக்கத் தடியை அவ்வளவு குறைக்கோணும். அப்பத்தான் இரண்டு சில்லும் ஒண்டாத் திரும்பி நிக்கும்."

மக்டலின் காருக்குக் கீழேயிருந்து தலையை வெளியே நீட்டினாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டோ இத்தினை நாளும் கோணல் ஸ்ரியறிங்கோடை ஓடினனீங்கள்?"

"தெரிஞ்சபடியாத்தான் ஓடினனான். தெரியாதவன் எண்டால் பயந்திருப்பானெல்லோ?"

இப்படியான மனுஷனோடு என்ன கதைக்கிறது! அவள் திரும்பக் கீழே போனாள்.

ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் பக்கீரின் வாடி, ஓலைக் கொட்டில். பக்கீர் தோணி கட்டுகிற ஓடாவி. கிண்ணியாவிலிருந்து வந்து உப்புவெளியில் குடியிருப்பவர். வேறொருவன் வேலைசெய்ய, தான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவரால் ஏலாது. உளியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, காருக்குக் கீழ என்ன தேடுறீங்க?"

"நேர் தேடுறன் நானா. இந்த வீட்டிலை அதுதான் கிடைக்குதில்லை."

விஷயத்தைக் கேட்டதும் பக்கீருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இதென்ன பெரிய வேலையா? தோணிக்கு நூல் பிடிக்கிற மாதிரித்தான். முன்னுக்கு ஒரு முனை, பின்னுக்கு ஒரு முனை. ஒடம்பு நேரெண்டா எல்லாம் நேர். இரிங்க, தங்கூசி கொண்டுவாறன்."

தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் நூலைத்தான் தங்கூசி என்பது. கொண்டுவந்து, பின் மட்கார்ட்டிலிருந்து முன் மட்கார்ட்டுக்கு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். விரலால் சுண்டினார், நூல் முனகியது. ஒற்றைக் கண்ணை மூடி, குந்தியிருந்து, எழும்பி, பின்னும் குந்தியிருந்து பார்த்தார். மக்டலின் ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்துச் சீற்றோடு வலைக்கயிற்றால் கட்டிவிட்டு, கீழே போய் நட்டைத் தளர்த்தித் தடியைத் திருகினாள். துரு அவளுடைய கண்ணிலும் வாயிலும் கொட்டியது.

"இன்னும் கொஞ்சம் தங்கச்சி... இன்னும் ஒரு சொட்டு... போதும் போதும்! நூலும் சில்லும் அண்ணன் தம்பி மாதிரி நிக்கிது."

"மற்றப்பக்கமும் அவ்வளவு திருகினியே?" என்றான் சிறில் கதிரையிலிருந்து.

"திருகினனான். நீங்கள் உந்தக் கதிரையைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ, அது ஓடிப்போகும்."

கயிற்றை அவிழ்த்துவிட்டு ஏறி, ஒழுங்கையில் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். முகம் கறுத்துப்போயிருந்தது.

"முன்னம் சரிஞ்சுதான் நிண்டது. இப்ப விழுந்து படுத்திட்டுது. ஸ்ரியறிங்கை அரைவாசி வளைச்சால்தான் கார் நேராப் போகுது."

பக்கீர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நூல் பொய் சொல்லாதே..." சிறில் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு அடங்காமல் பிளாஸ்ரர் கால் மீன்பெட்டியிலிருந்து விழுந்து, "ஐயோ ஆத்தை!" என்று அலறினான். அதைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அழவேண்டிய நேரம்தான். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து பக்கீரின் மனைவி ஸல்ஹா ஒரு சட்டி புட்டும் சூடைமீன் பொரியலும் சம்பலுமாக வந்துசேர்ந்தா. கருவாடு போடுகிற மனுஷி. ஒழுங்கை ஓரத்தில் ஓலைப்பாய்களில் நெத்தலி காயவைத்திருந்தா. ஒரு கண் எப்போதும் காகத்தின்மேல்.

"முதல்ல தின்னுங்க. வயிறு காஞ்சா நூலும் கோணலாத்தான் தெரியும்."

மக்டலின் எண்ணெய்க் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து தின்றாள். சூடைமீன் மொறுமொறுத்தது. தின்றுகொண்டே மணலில் கார் போன தடத்தைப் பார்த்தாள். முன்சில்லின் தடம், அதன்மேல் பின்சில்லின் தடம். புட்டுக் கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது.

"நானா, ஒண்டு கேக்கிறன். தோணி எதிலை ஓடுது?"

"தண்ணியில. ஒடம்பாலதான் ஓடுது."

"கார் உடம்பாலையோ ஓடுது? சில்லாலையெல்லோ ஓடுது. நீங்கள் நூலை மட்கார்ட்டிலை கட்டினனீங்கள். இந்த மனுஷன் எருமைக்கு வழிவிடப்போய் மதகிலை அடிச்சுப்போட்டு, இடப்பக்க மட்கார்ட்டைத் தன்ரை கையாலை தட்டி நிமித்தினவர். அதிலை நேர் எங்கை கிடக்கு?"

எல்லோரும் சிறிலைப் பார்த்தார்கள். சிறில் புட்டைப் பார்த்தான்.

"நல்ல வடிவாத்தானே தட்டினனான்..."

"அல்லாஹ்வே!" என்று பக்கீர் தொடையில் அடித்துக்கொண்டார். "முப்பது தோணி கட்டினவன் ஒரு காருக்கிட்ட ஏமாந்திட்டனே! எழும்புங்க தங்கச்சி, எழும்புங்க. பின்சில்லில கட்டுவம்."

இந்தத் தடவை பின் ரயர்களை ஒட்டி நூலை முன்னுக்கு இழுத்து, மணலில் நட்ட குச்சிகளில் கட்டினார்கள். முன்சில்லுகள் இரண்டும் எவ்வளவு பிசகி நின்றன என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மக்டலின் திருகினாள், பக்கீர் பார்த்தார், சிறில் கதிரையைப் பார்த்துக்கொண்டான். ஸ்ரியறிங்கின் கம்பிகளிலேயே கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள், வந்தாள், இன்னும் கொஞ்சம் திருகினாள். பின்னும் ஓட்டினாள். வெயில் ஏறி இறங்கியது. கடைசியாக ஒழுங்கை முனையிலிருந்து திரும்பி வந்து நிறுத்தியபோது, ஸ்ரியறிங்கின் கம்பிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. பக்கீர் எட்டிப் பார்த்து, தராசு பார்ப்பவர் போலத் தலையை ஆட்டினார்.

சிறில் ஒற்றைக் காலில் துள்ளிவந்து யன்னலைப் பிடித்துக்கொண்டான். எண்ணெய், துரு, மணல் எல்லாம் பூசிய பெண்சாதியின் முகத்தைப் பார்த்தான். "கெட்டிக்காரி," என்றான். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அவன் அந்தச் சொல்லை அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. "போங்கோ, போய்க் கதிரையிலை இருங்கோ," என்று விரட்டினாள்.

புதன்கிழமை பின்னேரம் கடைசிப் பயிற்சி. மறுநாள் சோதனை. மக்டலின் குளித்து, நல்ல சீலை உடுத்து, சிறிலைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

வீட்டுப் படலையைத் தாண்டியதும் கார் இடப்பக்கம் இழுத்தது. திருப்பினாள். சற்று நேரத்தில் மறுபடியும் இடப்பக்கம். சிறில் ஊன்றுகோலால் வலது தோளில் தட்டினான். "எங்கை போறாய்? ரோட்டுக்கு வா!" ரோட்டுக்கு வந்தாள். கை தன்பாட்டில் திரும்பவும் இடப்பக்கம் போனது. வேலி ஓரத்துப் புழுதியில் இறங்கி, ஏறி, இன்னொரு தரம் இறங்கி, கடைசியில் கார் நேரே ஸல்ஹாவின் ஓலைப்பாய்களுக்கு மேலே ஏறி நின்றது. நெத்தலி நாலு பக்கமும் பறந்தது. காகங்களுக்கு அன்றைக்குத்தான் திருநாள்.

"கோதாரி! என்னடியப்பா செய்யிறாய்? நேற்றுமட்டும் நல்லா ஓடினியே!"

"எனக்குத் தெரியேல்லை... கார் இழுக்குது."

"கார் இழுக்கேல்லை. நீதான் வளைக்கிறாய். நான் பின்னாலை பாத்துக்கொண்டுதானே கிடக்கிறன்."

மக்டலின் ஸ்ரியறிங்கை நேராக்கி விட்டுவிட்டு, இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தாள். "நான் கோணல் ஸ்ரியறிங்கிலை பழகினவள்," என்றாள் மெதுவாக. "நேர் ஸ்ரியறிங் எனக்குச் சரிவராது. நாளைக்கு அந்த மனுஷனைக் கொண்டுபோய் ரோட்டோரக் கானுக்குள்ளை தள்ளப்போறன். முழு ஊரும் சிரிக்கப்போகுது." சொல்லிக்கொண்டே அழுதாள். சிறில் பின்னாலிருந்து கையை நீட்டி அவளுடைய தலையைத் தடவினான். பகிடி ஒன்றும் அவனுக்கு வரவில்லை.

"பழையபடி கோணலாக்குவமே?" என்று கேட்டான்.

"கோணலாக்கினால் அவர் ஏறமாட்டார். நேராக்கினால் எனக்கு ஓட்டத் தெரியாது. விடுங்கோ. இராசதுரையே ஓட்டட்டும்."

அதற்குள் ஸல்ஹா ஓடிவந்துவிட்டா. நெத்தலிக்காக ஏசத்தான் வந்தது. யன்னலால் தலையைப் போட்டவுடன் மக்டலினின் கண்ணீரைக் கண்டு ஏச்சை மறந்துவிட்டா.

"என்ன புள்ள, மீனுக்காகவா அழுறீங்க? கடல்ல இன்னும் கிடக்கு, விடுங்க!" என்றவ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்ரியறிங்கின் நடுவைப் பார்த்தா. "அது சரி, ஒங்கட மாதா ஏன் இப்பிடிச் சாஞ்சி நிக்கிறா? முந்தி நேராத்தானே நிண்டவ?"

மக்டலின் குனிந்து பார்த்தாள்.

ஸ்ரியறிங் நேராக இருந்தது. மாதா வலப்பக்கம் நன்றாகச் சரிந்து நின்றா. கோணல் ஸ்ரியறிங்கில் மாதாவை நேராக ஒட்டியவள் அவள்தானே! ஸ்ரியறிங் நேராக நிமிர, மாதா சரிந்துவிட்டா. மாதா சரிந்து நிற்பதைக் கண்ட கை, அவவை நேராக்கத் தானாகவே ஸ்ரியறிங்கை இடப்பக்கம் வளைத்திருக்கிறது. மாதா நேராக நிற்கும்வரைக்கும் வளைத்திருக்கிறது. அப்படி வளைத்தால் கார் போகவேண்டிய இடம் நெத்தலிப் பாய்தான்.

"ஐயோ மாதாவே!" என்றாள். அழுகைக்குள்ளேயே சிரிப்பு வெடித்தது. "ராத்தா, நான் ரோட்டைப் பாக்கேல்லை. இவ்வளவு நாளும் மாதாவைப் பாத்துத்தான் ஓட்டியிருக்கிறன்!"

சிறிலுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தான். சிரித்து முடிந்ததும் அவனுக்குப் பயம் வந்தது. "மந்திரிச்ச படம். சுவாமியாரிட்டைக் கேக்காமல் உரிக்கிறதே?"

"மாதாவை நிமித்தி வைக்கிறதுக்குச் சுவாமியாரிட்டை என்னத்தைக் கேக்கிறது? அவவே நெத்தலிக்குள்ளை கொண்டுவந்து விட்டுக் காட்டியிட்டா."

ஸல்ஹா வீட்டுக்குப் போய்க் கொதிக்கிற கேத்தலைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தா. ஆவியைப் படத்துக்குக் காட்டக் காட்ட, மக்டலின் கத்தியின் மொட்டைப் பக்கத்தால் ஓரத்தை மெல்ல மெல்லக் கிளப்பினாள். கோதுமைப் பசை நல்ல பசை, விடமாட்டேன் என்றது. "பொறுங்க, அவசரப்படாதீங்க, கிழியப்போகுது," என்று ஸல்ஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றா. படம் முழுசாக வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இனி நேரா ஒட்டு," என்றான் சிறில்.

மக்டலின் யோசித்தாள். பிறகு ஸ்ரியறிங்கில் ஒட்டவில்லை. அதற்கு முன்னால், வேகம் காட்டுகிற வட்டத்துக்குப் பக்கத்திலே, அசையாத பலகையில் ஒட்டினாள்.

"இதிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கட்டும். சுத்துறது என்ரை வேலை."

அன்று பொழுதுபடும்வரை ஓட்டினாள். முதலில் கை பழைய இடத்தைத் தேடியது, பிறகு தேடுவதை விட்டது. கண் ரோட்டில் நின்றது. சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறி இறங்கி, நிலாவெளி வளைவில் வேகத்தைக் குறைத்து, கூட்டி, திரும்பி வந்தாள். கடல் சிவந்து கிடந்தது. பின்சீற்றிலிருந்து ஊன்றுகோல் ஒருதரமும் அவளைத் தொடவில்லை. சிறில் ஏதோ பழைய பாஸ்கா நாடகப் பாட்டை முனகிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை கச்சேரிக்கு முன்னால் போன தடவையைவிடக் கூட்டம் அதிகம். சிறில் இறங்கி ஊன்றுகோலோடு வேப்பமர நிழலில் நின்றுகொண்டான். அதிகாரி குனிந்து ஸ்ரியறிங்கைப் பார்த்தார்.

"ஆர் நேராக்கினது?"

"நாங்கள்தான் ஐயா. வீட்டிலை."

"ம்." ஏறி முன்சீற்றில் உட்கார்ந்தார். "எடும்."

எடுத்தாள். டொக்யார்ட் ரோட்டால் ஓட்டச் சொன்னார், ஓட்டினாள். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நடுவிலே நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஹாண்ட்பிரேக்கை விட்ட கணத்தில் கார் பின்னுக்கு ஒரு சாண் வழுகியது. பிறகு பிடித்துக்கொண்டு ஏறியது. கோட்டை வாசலுக்குக் கிட்ட, புள்ளிமான் ஒன்று குட்டியோடு நடுரோட்டில் வந்து நின்றது. மக்டலின் நிறுத்தினாள். மான் பார்த்தது. மக்டலினும் பார்த்தாள்.

"ஏன் ஹோண் அடிக்கேல்லை?" என்று அவர் கேட்டார்.

"அதுக்கும் லைசென்ஸ் இல்லை ஐயா, எனக்கும் இன்னும் இல்லை. இரண்டு பேரும் கவனமாப் போவம் எண்டு நினைச்சன்."

அவருடைய மீசை ஒருபக்கம் அசைந்தது. அது சிரிப்பா, ஈயை ஓட்டினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தியதும் அவர் மடியில் வைத்திருந்த கடதாசியில் ஏதோ எழுதினார். மக்டலின் மாதாவைப் பார்க்கவில்லை. அவருடைய பேனையைத்தான் பார்த்தாள். எழுதி முடித்து, கடதாசியைக் கிழித்து நீட்டினார்.

"லைசென்ஸ் தபாலிலை வரும். அதுமட்டும் இதை வைச்சுக்கொண்டு ஓட்டும். ஏற்றத்திலை இன்னும் கொஞ்சம் பழகும்."

"ஐயா... அப்ப..."

"ஓம். சரி."

அவர் இறங்கினார். மக்டலின் கடதாசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வேப்பமரத்தடியில் சிறில் அவளுடைய முகத்திலேயே பதிலைக் கண்டு, ஊன்றுகோலை மேலே தூக்கிவிட்டு, விழாமல் மரத்தைக் கட்டிப்பிடித்தான். கார்க்காரருக்குள் யாரோ விசிலடித்தார்கள். இராசதுரையும் பெரிய மனசோடு கை தட்டினான். தட்டிவிட்டு, அதிகாரி தோல்பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்பதைக் கண்டு, தன்னுடைய ஓஸ்ரினின் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

"ரெயில் ஸ்ரேசனுக்கோ ஐயா? வாங்கோ, வாங்கோ. என்ரை கார்தான் முன்னுக்கு நிக்குது."

அதிகாரி ஓஸ்ரினைப் பார்த்தார். மைனரைப் பார்த்தார். திரும்பி வந்து மக்டலினின் யன்னலுக்குக் குனிந்தார்.

"கார் ஹயருக்குப் போமே?"

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். அவர் கதவைத் திறந்தார், ஆனால் இந்தத் தடவை முன்சீற்றில் உட்காரவில்லை. அதைச் சரித்துவிட்டுப் பின்னுக்குப் போய், பயணி உட்காருகிற மாதிரி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சிறில் எட்டி நின்று, "நீ போய்ட்டு வா, நான் இதிலை நிக்கிறன்," என்று கையைக் காட்டினான். தன்னுடைய கார் தானில்லாமல் ஹயர் போவதை அவன் முதல்தரம் பார்க்கப்போகிறான். அதற்கு அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

மக்டலின் கியரைப் போட்டாள். சந்தியில் ஒரு மாட்டுவண்டி, ஒரு பஸ், நாலைந்து சைக்கிள். எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு போனாள். அவசியமே இல்லாமல் ஒருதரம் ஹோண் அடித்தாள், சந்தோஷத்துக்கு. பிறகு அவர் என்ன நினைத்தாரோ என்று பயந்து கண்ணாடியில் பார்த்தாள்.

பின்சீற்றில் அவர் காலுக்குமேல் கால் போட்டு, பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்ரேசன் வரும்வரைக்கும் தலையை நிமிர்த்தி ரோட்டைப் பார்க்கவேயில்லை.